நெட் வேகத்தை யாராவது பிடித்து வைக்கிறார்களா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு, இணைப்புக் கொடுத்தவர்களின் சொந்த வீடியோ ஆப் தங்கு தடையில்லாமல் ஓடும். மற்ற கம்பெனி ஆப்பில் படம் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். ஒரு மாதம் அதையே செய்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் அளக்கக் கற்றுக்கொண்டேன்.

படி 1: முதலில் வீட்டைப் பாருங்கள். வைஃபையை நம்பி அளக்காதீர்கள். பழைய வீட்டுச் சுவர் பாதி வேகத்தைத் தின்றுவிடும். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் கேபிள் போடுங்கள். இன்னொன்று: 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு; டவுன்லோடு காட்டுவது பைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பிதான் டவுன்லோடு ஆகும். அது குறையல்ல.

படி 2: பிளானில் டேட்டா வரம்பு உண்டா என்று பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் ஃபேர் யூசேஜ் வரம்பு இருக்கலாம். அதைத் தாண்டினால் எல்லா ஆப்பும் ஒன்றுபோல மெதுவாகும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் தப்பு இல்லை.

படி 3: இதுதான் முக்கியம், பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் அளந்து எழுதுங்கள். முதலில் ஊக்லா கம்பெனியின் ஸ்பீட்டெஸ்ட் என்ற வேகம் அளக்கும் தளம். அடுத்து ஃபாஸ்ட் டாட் காம்; அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அவர்களின் சர்வரிலிருந்தே அளக்கும். ராத்திரியில் இரண்டுமே குறைந்தால் ஏரியாவில் நெரிசல். முதலாவது 90 காட்டி இரண்டாவது 6 காட்டினால், அந்தச் சேவையை மட்டும் இணைப்புக் கம்பெனி பிடித்து வைக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

உடனே விபிஎன் (நம் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) போட்டு இரண்டாவதை மறுபடி அளங்கள். விபிஎன் உள்ளே என்ன போகிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. அப்போது வேகம் ஏறினால் சந்தேகம் வலுக்கும். இருந்தாலும் அதுவே முடிவான சாட்சி ஆகாது. விபிஎன் வேறு பாதையில் போவதாலும் வேகம் கூடலாம். அதனால் வெஹே என்ற இலவச ஆப்பையும் ஓட்டுங்கள். அது ஒரு சேவையின் போக்குவரத்தை அப்படியே ஒரு தடவையும், அடையாளம் தெரியாமல் கலைத்து ஒரு தடவையும் அனுப்பி, வித்தியாசம் பார்க்கும்.

இதெல்லாம் வெறும் பயம் இல்லை. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய கம்பெனி, ஃபைல் பகிரும் பிட்டாரென்ட்டைத் தடுத்தது 2007இல் இப்படிச் சோதித்துத்தான் வெளியே வந்தது. அடுத்த வருடம் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது.

படி 4: புகார். நம் நாட்டில் ஒரு சேவைக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை என்று டேட்டாவை விற்பதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடை போட்டது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம். குறிப்பிட்ட சேவையை முடக்குவதும் மெதுவாக்குவதும் கூடாது என்ற கொள்கையை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றது. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

லைன் பார்க்க வரும் தம்பியிடம் "நெட் ஸ்லோ" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், தலையாட்டிவிட்டுப் போவார். ஏழு நாள் கணக்கை நீட்டிய அன்றுதான், "அந்த நோட்டைக் குடுங்கண்ணா, போட்டோ புடிச்சுக்கறேனுங்க" என்றார்.

கஸ்டமர் கேரில் புகார் எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் கணக்கில் வராது. கெடுவுக்குள் சரியாகாவிட்டால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. தனி ஆள் புகாரை டிராய் நேரடியாகத் தீர்க்காது, அங்கே போய் நாளை வீணாக்க வேண்டாம். கம்பெனி மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் நுகர்வோர் நீதிமன்றம். தொலைத்தொடர்புச் சேவை வழக்கை அங்கே தொடுக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள்.