'கேஷ்' நம் காசுதானா? ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பார்க்கும் வழி

'காசு' என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது என்ற வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அது பாதி சரி. எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதையே பயிற்சியாக வைத்துக்கொள்வோம். மொழியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் அகராதி பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: தெரிந்த பொருள்களை எழுதுங்கள்

அகராதியைத் திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். கையிலிருக்கும் ரொக்கம், செக்கைக் கொடுத்துப் பணமாக்குவது, விற்பதற்கென்றே பயிரிடும் 'கேஷ் கிராப்'... கம்ப்யூட்டரில் 'கேஷ் கிளியர் பண்ணு' என்கிறோமே, அது? எழுத்துக்கூட்டிப் பாருங்கள். சி-ஏ-சி-எச்-இ. 'ஒளித்து வை' என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

படி 2: தலைச்சொற்களை எண்ணுங்கள்

பெரிய ஆங்கில அகராதி எதிலும் இந்தச் சொல் 1, 2 என்று எண் போட்டுப் பிரிந்திருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: சில அகராதிகள் பெயர்ச்சொல், வினைச்சொல் என்பதற்காகவும் எண் போடும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், பதிவின் அடியில் உள்ள சொற்பிறப்புக் குறிப்பைப் பாருங்கள். அது வேறாக இருந்தால்தான் வேறு சொல். இப்படிப் பார்த்தால் 'கேஷ்' இரண்டு சொற்கள்.

படி 3: முதல் கேஷ்

இதுதான் அன்றாடம் புழங்குவது. லத்தீனில் 'கப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியனில் 'கஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்' ஆகி, 1590-களில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது பணப்பெட்டி, அதற்குள் இருக்கும் பணம் இரண்டையும் குறித்தது. பிறகு பெட்டி கழன்றுபோய்ப் பணம் மட்டும் நின்றது. இத்தாலியக் கடைகளில் பணம் கட்டும் இடம் இன்றும் 'கஸ்ஸா'தான். இந்த வழியில் தமிழுக்கு வேலையே இல்லை.

படி 4: இரண்டாம் கேஷ்

நம் பங்கு இதில்தான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'காசு' நாணயப் பெயராகவே வருகிறது. 1498-க்குப் பின் இங்கே வந்த போர்த்துகீசியர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப 'கைஷா' என்றார்கள். (அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர். குழப்பத்துக்குக் கேட்பானேன்!) அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, கீழை நாடுகளின் சிறு நாணயங்களுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசும் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது அப்படித்தான்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு 'பணம்' (அதுவும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற தங்க நாணயம். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1808 என்று ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களை இங்கிலாந்தில் அடித்து, 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் அது இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. பிற்காலத்தில் முக்குளிப்பவர்கள் அள்ளி வந்த அந்தக் காசுகள் இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் விலைக்குக் கிடைக்கின்றன. திருவிதாங்கூரிலும் 16 காசு ஒரு 'சக்கரம்' (அங்கே புழங்கிய நாணயம்) என்ற கணக்கு 20-ஆம் நூற்றாண்டு வரை ஓடியது.

படி 5: மூன்று கேள்வி கேளுங்கள்

ஒலி ஒத்துப்போவது சாட்சி ஆகாது. எந்த மொழி வழியாக வந்தது? எந்த ஆண்டில் முதலில் எழுதப்பட்டது? இடையில் பொருள் எப்படி மாறியது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சொற்பிறப்பை ஃபார்வர்டு பண்ணாதீர்கள். தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலேயர் இந்தியாவில் பொறுக்கிய சொற்களுக்கு 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இருக்கிறது. படிக்கவும் சுவையானது; ஆனால் பழைய நூல், கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

இனி உங்கள் முறை. 'சோடா பாட்டில் கேஸ்', 'கோர்ட் கேஸ்' இரண்டையும் இதே படிகளில் தேடுங்கள். ஒன்று மட்டும் நம் முதல் கேஷுக்கு உறவுக்காரன். அதை முடித்தவர்கள், ராணுவத்தில் ஒருவரை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' என்ற வினைக்கும் வங்கிக் கேஷியருக்கும் உறவு உண்டா என்று பாருங்கள்.