லீவு நாளில் என்ன செய்வீர்கள்? மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஆங்கிலம்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வேலைக்கு வந்தோ, கல்யாணமாகி வந்தோ இறங்குபவர்கள் முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருப்பார்கள். கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், கோயிலில் தமிழ். எங்கள் பூட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கு வரத் தொடங்கிய 1823-ஐக் கணக்கு வைத்து, 2023-இல் இருநூறு வருட நினைவை நடத்திய மண் இது. தமிழுக்கு இங்கே பஞ்சமில்லை.

சிக்கல் வேலை இடத்தில் வரும். பக்கத்து மேசையில் ஒரு சிங்கள நண்பர். அவருக்குத் தமிழ் நாலு சொல் தெரியும், உங்களுக்குச் சிங்களம் அதுவும் தெரியாது. பில், சாவி, ரூம் நம்பர் என்று வேலைப் பேச்சு எப்படியோ ஓடிவிடும். தேத்தண்ணி நேரத்தில் அவர் சும்மா பேச்சுக்கு, லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்பார். அங்கேதான் நம்மவர்களுக்கு வாய் அடைத்துப்போகும். நான் நுவரெலியாவில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு நாலு வார்த்தை பதில் சொல்லத் தெரிந்தவர்கள்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். இலக்கணத்தில் புலியாக இருந்தும் தனியாகச் சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

'வாட் ஆர் யுவர் ஹாபீஸ்?' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நேரில் அப்படிக் கேட்பவர் குறைவு, அது இன்டர்வியூ கேள்வி. பேச்சில் வருவது 'வாட் டூ யூ டூ இன் யுவர் ஃப்ரீ டைம்?' அல்லது 'எனி பிளான்ஸ் ஃபார் போயா?' போயா என்றால் பௌர்ணமி. ஒவ்வொரு பௌர்ணமியும் இந்த நாட்டில் பொது விடுமுறை, அதனால் மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும்.

இதில் ஒரு இடறல் இருக்கிறது. 'வாட் டூ யூ டூ?' என்று அத்தோடு நிறுத்தினால் உங்கள் தொழில் என்ன என்று கேட்கிறார்கள். 'இன் யுவர் ஃப்ரீ டைம்' என்று வால் இருந்தால்தான் பொழுதுபோக்கு. 'வாட் ஆர் யூ டூயிங்?' என்றால் இந்த நிமிடம் என்ன செய்கிறாய் என்று அர்த்தம். நம் ஆட்கள் தொழிலைக் கேட்க இந்தக் கடைசியைத்தான் எடுத்து வீசுகிறோம். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் குழம்பிப்போய் 'டிரிங்கிங் டீ' என்பார்.

சொல் தெரிந்தும் காதில் பிடிபடாமல் போவதும் உண்டு. தமிழ்நாட்டில் 'ஆபீஸ்', 'காபி', 'வாலிபால்' என்று நீட்டுகிற இடத்தில் இங்கே 'ஒபிஸ்', 'கொபி', 'வொலிபோல்' என்று வாயைக் குவிப்பார்கள். 'ஹாபி' கூட 'ஹொபி' ஆகிவிடும். நீங்கள் மாற்றிப் பேச வேண்டியதில்லை, கேட்கும்போது தெரிந்தால் போதும். வொலிபோல்தான் இலங்கையின் தேசிய விளையாட்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்கு உதவும். 'சொஃப்ட்போல்' என்று யாராவது கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். டென்னிஸ் பந்தில் ஆடுகிற நம்ம கிரிக்கெட்தான் அது.

ஹாபி வேறு, இன்டரஸ்ட் வேறு. நீங்களே மட்டையைப் பிடித்து ஆடினால் கிரிக்கெட் உங்கள் ஹாபி. மட்டையைத் தொடாமலே, கண்டிக்காரர் முரளிதரன் எடுத்த 800 டெஸ்ட் விக்கெட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவீர்கள் என்றால் அது இன்டரஸ்ட். 'ஐ ஆம் இன்டரஸ்டட் இன் கிரிக்கெட்' என்று சொல்லிவிடலாம். இளசுகள் இதையே 'ஐ ஆம் இன்டு கிரிக்கெட்' என்பார்கள்.

பிடிக்கும் என்பதற்கு 'ஐ லைக்' போதும். 'ஐ ஆம் லைக்கிங்' வேண்டாம். 'ஐ லைக் குக்கிங்', 'ஐ லைக் சிங்கிங்' என்று செயலின் வாலில் ஒரு 'இங்' சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி வினைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் கெரம், கிரிக்கெட் எல்லாம் 'விளையாடுவோம்', வாத்தியம் 'வாசிப்போம்', தப்பு 'அடிப்போம்'. ஆங்கிலத்தில் இது மூன்றுக்கும் 'ப்ளே' ஒன்றேதான். தைப்பூசத்துக்குத் தப்பு அடிக்கிற தம்பி ஒருவன் 'ஐ பீட்' என்று ஆரம்பித்தால் கேட்பவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்பார். 'ஐ ப்ளே த டிரம்ஸ்' என்றால் கிட்ட வருவார். 'வாசி' இன்னொரு வம்பு: புத்தகத்தையும் வாசிக்கிறோம், புல்லாங்குழலையும் வாசிக்கிறோம். 'ரீட்' புத்தகத்துக்கும் பேப்பருக்கும் மட்டும்.

வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்ச் செய்வதற்கு 'கோ': கோ ஸ்விம்மிங், கோ ஃபிஷிங், கோ ஹைக்கிங். நடுவில் 'டு' போடாதீர்கள். 'கோ டு ஹைக்கிங்' என்று பத்தில் எட்டுப் பேர் சொல்கிறோம், தவறுதான். யோகா, கராத்தே, உடற்பயிற்சி போன்றவற்றுக்கு 'டூ'. வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தால் 'ஐ டூ சம் கார்டனிங்' என்று அடக்கமாகச் சொல்லலாம். இங்கே அதைச் சொன்னால் உடனே உரம் பற்றிப் பேச்சு வரும், தயாராக இருங்கள்.

பார்ப்பதற்கு 'வாட்ச்'. படம், மேட்ச், பறவை எல்லாவற்றுக்கும் அதுதான். பறவை என்றதும் ஒரு விஷயம். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் கழுத்தில் தொலைநோக்கியோடு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்கள் தேடும் பறவைகளில் ஒன்று 'இண்டியன் பிட்டா', தமிழ்நாட்டில் ஆறுமணிக் குருவி என்பார்களே, அதேதான். இந்தியாவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டுத் திரும்பிப் போகும். 'ஐ கேம் ஃப்ரம் இண்டியா டூ' என்று ஒரு புதுப் பையன் அவர்களிடம் சொல்லி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பறவை பற்றி ஒன்றும் தெரியாது.

அதே பையன் இன்னொரு நாள் சொதப்பவும் செய்தான். ஒரு ஜெர்மன் ஜோடி 'பெக்கோ டிரெயில்' எங்கே என்று கேட்க, இவன் காதில் 'டிரெயின்' என்று விழுந்து, திரீவீலில் ஏற்றி நானுஓயா ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டான். டிரெயில் என்றால் நடைபாதை. பெக்கோ டிரெயில் கண்டிப் பக்கம் தொடங்கித் தோட்டங்களுக்குள்ளே புகுந்து நுவரெலியாவில் முடிகிற, 300 கிலோமீட்டருக்கு மேலான பாதை, 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த ஜோடி கோச்சி, அதாவது ரயில், ஏறி எல்ல என்கிற ஊர் வரை போய், நன்றாக இருந்தது என்று சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார்கள்.

மலையில் நடப்பதற்கும் தனித்தனிச் சொல் உண்டு. கிரகரி வாவியைச் சுற்றி வருவது 'வாக்'. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு வரை போய்த் திரும்பும் சுமார் ஒன்பது கிலோமீட்டர் 'ஹைக்'. சிவனொளிபாதமலைக்கு, 2,243 மீற்றர் உச்சிவரை, இரவெல்லாம் படியேறுவது 'கிளைம்'. எழுதும்போது கடைசியில் ஒரு 'பி' உண்டு, வாயில் வராது. அந்த மலையைச் சிங்கள நண்பர் 'ஸ்ரீ பாத' என்பார், வெள்ளைக்காரர் 'ஆடம்ஸ் பீக்' என்பார். மூன்றும் ஒன்றுதான். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை அதற்கு சீசன், அந்த மாதங்களில் 'ஹாவ் யூ பீன் டு ஸ்ரீ பாத?' என்று கேட்காத ஆள் இருக்கமாட்டார். போகவில்லை என்றால் 'நாட் யெட்' என்று சொல்லுங்கள். வெறும் 'நோ' பேச்சை முடித்துவிடும். 'நாட் யெட்' சொன்னால் யாராவது கூட்டிப்போவார்கள்.

இப்போது என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலை. இரண்டு நாளாக விடாத மழை. ஜன்னலோரமாக ஒரு வயதான இங்கிலாந்து அம்மா கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தார். மழை பெய்தால் நீ என்ன செய்வாய் தம்பி என்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் போரடிக்கிறது என்று சொல்ல நினைத்து, 'மேடம், ஐ ஆம் வெரி போரிங்' என்றேன். அவர் ஊசியை மடியில் வைத்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, 'ஓ நோ டியர், ஐ ஆம் ஷுவர் யூ ஆர் நாட்' என்றார். ஏன் இவ்வளவு பாவமாகப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒரு அறுவை ஆள் என்று நானே அறிக்கை விட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குள் உண்டாகும் உணர்வு 'போர்ட்', அதை உண்டாக்குகிற பொருள் 'போரிங்'. மழை போரிங், நான் போர்ட். இன்டரஸ்டிங்கும் இன்டரஸ்டடும் இதே கணக்கு. அந்த அம்மாவிடம்தான் கம்பளி பின்னுவதற்கு 'நிட்டிங்' என்று சொல்லக் கற்றேன். தையலுக்கு 'ஸோயிங்', எழுத்தைப் பார்த்து 'சியூயிங்' என்று படித்துவிடாதீர்கள்.

'யூஸ்ட் டு' விஷயத்தில் படித்தவர்களே விழுகிறார்கள். 'ஐ யூஸ்ட் டு ப்ளே வொலிபோல் எவ்ரி ஈவினிங்' என்றால், முன்பு ஆடினேன், இப்போது விட்டுவிட்டேன் என்று பொருள். இப்போதும் ஆடுகிறீர்கள் என்றால் 'ஐ யூஷுவலி ப்ளே' என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் சொன்ன ஒரு அண்ணனை, முழங்காலில் ஏதோ கோளாறு என்று நினைத்து டீமில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

பதில் சொன்னதும் பேசாமல் நின்றுவிடாதீர்கள். 'ஹவ் அபவுட் யூ?' என்று பந்தைத் திருப்பிப் போடுங்கள். அவர் சொல்வது உங்களுக்குத் தெரியாத விஷயம் என்றால் 'இஸ் இட் டிஃபிகல்ட்?' என்று கேளுங்கள், மனிதர் மலர்ந்துவிடுவார். கூப்பிடுகிறார், போக மனமில்லை என்றால் 'மேபி நெக்ஸ்ட் டைம்'. ஆடத் தெரியாது, ஆனால் ஆசை என்றால் 'ஐ ஆம் எ பிகினர்'. கெரத்தில் மட்டும் இதைச் சொல்லிவிட்டு ஜெயிக்காதீர்கள், கோபித்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. வெயிலான ஒரு சனிக்கிழமை உங்கள் சிங்கள நண்பர் வந்து 'மச்சான், கமிங் ஃபோர் எ பாத்?' என்று கேட்பார். நீங்கள் குளிக்கவில்லை என்று குத்திக்காட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். ஆற்றிலோ அருவியிலோ போய்க் குளித்து, சோற்றுப் பார்சல் சாப்பிட்டுவிட்டு வருவதை இந்த நாட்டு ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 'ஷுவர், வட் டைம்?' என்று கேட்டுவிட்டு ஒரு சாரமும் (லுங்கி) துவாயும் (துண்டு) எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும்.