வாடகை வீடு: பழைய சட்ட நினைப்பில் செய்யும் தவறுகள்

"ரெண்ட் கண்ட்ரோல்ல கேஸ் போட்டா பத்து வருஷம் இழுக்கலாம்" என்று யோசனை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியாகிவிட்டது. 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது.

பெரிய தவறு, பதினோரு மாத அக்ரிமென்ட் என்றால் பதிவே வேண்டாம் என்று நினைப்பது. அந்தக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் பொருந்தும். புதிய சட்டம் மாதத்தை எண்ணுவதில்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி அரசு நியமித்த அலுவலர்) பதிவாக வேண்டும். இதை இணையத்திலேயே செய்யலாம். "பேப்பரே இல்லை, என்னை யார் காலி செய்வது?" என்று சிலர் தெம்பாக இருக்கிறார்கள். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணம் என்று அதே சட்டம் சொல்கிறது!

அடுத்தது அட்வான்ஸ். மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது பொருந்தாது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசினால் எடுபடாது. "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்று வாடகையை நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கழித்துக்கொள்ள அவர் சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

வாடகையை வாங்க மறுக்கிறாரா? சும்மா இருக்காதீர்கள். வங்கி வழியாகவோ மணியார்டரிலோ தொடர்ந்து அனுப்புங்கள். இரண்டு மாதம் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

வீட்டுக்காரர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் அவர் கையில் இருக்கும். சண்டை வந்த மறுநாள் காலை மாடிக் குழாயில் காற்றுதான் வரும். தண்ணீர், கரண்ட், படிக்கட்டு விளக்கு எதையும் இப்படி நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்தால் திரும்பத் தரச் சொல்லி உடனே இடைக்கால உத்தரவு போட முடியும். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியும், பூட்டை மாற்றுவதும் வெளியேற்றும் உத்தரவு ஆகாது. அதைப் போட வாடகை நீதிமன்றம்தான் வேண்டும், காவல் நிலையம் அல்ல.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் மாதாமாதம் தானாக நீளும், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். ஆகவே முடியும் தேதியை இரண்டு பேருமே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.