நோர்வேஜிய மொழியில் விலை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோர்வேயில் புதிதாக மொழி படிப்பவர்கள் இலக்கணத்தில் காட்டும் கவனத்தை எண்களைக் காதால் கேட்டுப் பழகுவதில் காட்டுவதில்லை. ஆனால், பணப் பேச்சில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

நாற்பத்தைந்தை இன்று 'ஃபோர்ட்டிஃபெம்' என்று, தமிழைப் போலவே பத்தை முன்வைத்துக் கற்பிக்கிறார்கள். தொலைபேசி எண்களைப் பிழையின்றிச் சொல்வதற்காக 1951இல் கொண்டுவரப்பட்ட முறை இது. அதற்கு முந்தைய 'ஃபெம் ஓ ஃபோர்ட்டி' (ஐந்தும் நாற்பதும்) என்ற வழக்கு இன்னும் மறையவில்லை. முதியவர்களிடம் அதை நிறையவே கேட்கலாம். பழைய பொருள் சந்தையில் ஒரு பாட்டி அப்படி விலை சொல்லும்போது, 'ஃபெம்' காதில் விழுந்தவுடன் ஐந்து குரோனர் நாணயத்தை நீட்டிவிடாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, 'ஃபோர்ட்டிஃபெம்?' என்று புதிய முறையில் திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொள்வதே நல்லது.

ஏழு 'ஷூ', இருபது 'ஹ்யூஎ'. நம் காதுக்கு இவை ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதால், முதல் ஒலியைப் பிடிக்க முயலாமல், இருபதின் இறுதியில் வரும் 'எ'யைக் கவனிக்க வேண்டும். பதினைந்தான 'ஃபெம்தென்', ஐம்பதான 'ஃபெம்தி' ஆகியவற்றையும் ஈறுதான் பிரித்துக் காட்டும்.

விலைச்சீட்டில் உள்ள காற்புள்ளி ஆயிரத்தைக் குறிப்பதன்று, தசமப் புள்ளியின் இடத்தில் நிற்பது. 49,90 என்பதைக் கடைக்காரர் 'ஃபோர்ட்டிநீ நித்தி' என்று மட்டும் சொல்வார். குரோனர், ஓரெ (ஒரு குரோனரில் நூறில் ஒரு பங்கு) என்ற சொற்கள் இரண்டுமே வாரா. கடைசி ஓரெ நாணயமான 50 ஓரெ 2012இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் 50 குரோனர், அட்டையில் சரியாக 49,90. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கடைக்காரரிடம் வாதாடவும் வேண்டாம்.

விலை அதிகம் என்பதற்கு 'விலை தீர்' (விலைமிகுந்த) என்று சொல்வது பிழை. பொருள்தான் 'தீர்', விலையை 'ஹொய்' (உயர்வு) என்றே சொல்ல வேண்டும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் 'ஹல்ஆன்னென் மில்லியோன்' என்ற தொடரில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் கேட்கும் 'ஹல்' பாதியை நினைவூட்டினாலும், அதன் பொருள் அரை மில்லியன் அன்று, ஒன்றரை மில்லியன். அதேபோல் 'மில்லியார்ட்' என்பது நூறு கோடி. 'பில்லியோன்' என்றால் அதைப்போல் ஆயிரம் மடங்கு.