‘எல்லாத்துக்கும் வரேன்’ என்று சொல்லிவிடாதீர்கள்: புதுத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வாட்ஸ்அப் குழு நிரம்பி வழியும். டிசம்பர் 5ஐ உலகத் தன்னார்வலர் தினமாக 1985ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அன்றைக்குச் சுற்றும் பதிவுகளைப் பார்த்து மனம் நெகிழ்ந்து ஐம்பது அறுபது பேர் வந்து சேர்வார்கள். பிப்ரவரியில் கூப்பிட்டால் போனை எடுப்பவர்கள் ஏழெட்டுப் பேர். பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன். கோபப்பட எனக்கும் முழு உரிமை கிடையாது. முதல் வருடம் போனை எடுக்காதவர்களில் நானும் ஒருவன்.

நேரத்துக்கு வாருங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

உற்சாகத்தில் வாக்குக் கொடுப்பது

சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று கேட்டிருக்கும். நான் பத்து என்று எழுதினேன். கீழே இருந்த வேலைகளில் பாடம் சொல்லித் தருவது, புத்தகம் வாசித்து ஒலிப்பதிவு செய்வது, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது என எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். உண்மையில் எனக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

தேர்வு எழுதிக் கொடுக்கத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு நான்கு தாள்கள். முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவது தாளுக்கு முந்தின நாள் அலுவலகத்தில் ஒரு அவசர வேலை வந்து விழுந்தது. சாயங்காலமே தெரியும், மறுநாள் போக முடியாது என்று. சொல்லக் கூச்சமாக இருந்தது, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஸாரி, நாளைக்கு வர முடியாது’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துப் படுத்துவிட்டேன்.

எழுதுபவரின் பெயரும் அடையாள அட்டையும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. ஆள் மாற்ற வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடம் போய் வாங்குவது? ஒருங்கிணைப்பாளர் விடியும் வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். ஆளும் கிடைக்கவில்லை, அனுமதியும் கிடைக்கவில்லை. அந்த மாணவர் அந்தத் தாளை ஆறு மாதம் கழித்துத்தான் எழுதினார்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. “அண்ணா, அடுத்த தடவை முடியாதுன்னா நாலு நாள் முன்னாடியே சொல்லிடுங்க” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது, சேராமலே இருப்பதைவிட மோசம். நீங்கள் பெயர் கொடுத்ததும் அந்த இடத்துக்கு ஆள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். ‘முடியாது’ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறொருவர் வந்திருப்பார். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வர முடியாமல் போவது யாருக்கும் நடக்கும், அது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? படிவத்தை நிரப்பும் முன் கடந்த நான்கு வாரங்களில் உங்களுக்கு நிஜமாகவே எவ்வளவு நேரம் சும்மா கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆசைப்பட்ட நேரத்தை அல்ல, கிடைத்த நேரத்தை. அதில் பாதியை மட்டும் படிவத்தில் எழுதுங்கள். முதல் இரண்டு மாதம் ஒரே நாளில் முடிகிற வேலைகளை எடுங்கள். தேதி குறித்த வேலை என்றால், உங்களுக்குப் பதில் யார் வருவார் என்பதை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே ஒருங்கிணைப்பாளரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி ஒன்பது வேலைகளுக்கு டிக் போட்டுக் கொண்டுவந்தார். அதில் ஏழு வேலைகளை அடித்துவிடச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை.

சொல்லாததை எழுதுவது

தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது. மாணவர் சொல்லும் விடை தப்பு என்று உங்களுக்குத் தெரியும், கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். மாட்டினால் தேர்வு ரத்தாவது அவருக்குத்தான். கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்து முழுசாக வாசியுங்கள், அவர் கேட்டால் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். முந்தின நாள் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் அவர் சொல்லும் வேகம் உங்கள் கைக்குப் பழகிவிடும்.

கூப்பிடாமலே பேரிடர் இடத்துக்குக் கிளம்புவது

அங்கே நீங்களும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அந்தச் சுமையும் அங்கிருப்பவர்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு குழுவில் பெயர் கொடுத்து, அவர்கள் கூப்பிட்டால் போங்கள்.

நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது

ஒரு நிவாரண முகாமில் ஒரு அம்மாவிடம் புதிதாக வந்த ஒவ்வொருவரும் “என்னம்மா நடந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள் ஆறு தடவை சொல்லிவிட்டார். ஆறாவது தடவை அவர் குரலில் ஒன்றுமே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள்.

உளவியல் முதலுதவிக்கு, அதாவது பெரிய அதிர்ச்சியில் இருப்பவருக்கு உடனடியாகத் தரும் மன ஆதரவுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2011ல் ஒரு கையேடு வெளியிட்டது. அது சொல்லும் முறை மூன்றே சொல்: பார், கேள், இணை. கேள் என்றால் கேள்வி கேட்பதல்ல, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது; இணை என்றால் வேண்டிய உதவியோடு அவரைச் சேர்த்துவிடுவது. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு. “இப்ப என்ன வேணும்மா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது போனுக்குச் சார்ஜ். மகனிடம் பேச வேண்டுமாம்.

குழந்தைகள் இல்லத்தில் ஒரு நாள்

ஒரு நாள் கொஞ்சிவிட்டு டாட்டா காட்டிப் போகிறவர்களை அந்தக் குழந்தைகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டிக்கொள்வதும் பிரிவதும் அவர்களுக்கு வாரா வாரம் நடக்கிறது. இப்படிப்பட்ட தன்னார்வத் திட்டங்களால் குழந்தைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019ல் ஐ.நா. பொதுச்சபையே தன் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் சேர்த்தது. நீண்ட நாள் தொடர்ந்து வர முடியாதென்றால் குழந்தைகளோடு அல்லாமல், அலுவலகக் கணக்கு, நூலகம் அடுக்குவது போன்ற வேலையைக் கேளுங்கள். பின்னணி விசாரிக்காமல், யார் என்றும் கேட்காமல் உள்ளே விடுகிற இல்லமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

செல்ஃபி

வேண்டாம்.

சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்குவது

எவ்வளவு சின்னத் தொகையானாலும், கூடவே கூடாது.

சொல்லாமல் நின்றுவிடுவது

வேலை மாறும், உடம்பு முடியாமல் போகும், அலுத்தும் போகும். விலகுவதில் தப்பே இல்லை, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் தேதி சொல்லுங்கள். சாவி இருந்தால் கொடுங்கள். பாதியில் நிற்கிற வேலை எதுவரை முடிந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். போன வருடம் ஒருவர் ஒலிப்பதிவைப் பாதியில் விட்டுவிட்டுக் காணாமல் போனார். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. கோப்புகளும் அவருடைய மடிக்கணினியிலேயே இருந்துவிட்டன. நானூறு பக்கப் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம்.