சைக்கிளுக்கு பாட்டில் கேஜ் தேர்ந்தெடுப்பது எப்படி: பிடி முதலில், எடை அப்புறம்

புதிதாக சைக்கிள் வாங்குபவர்கள் ஹெல்மெட், லைட், பூட்டு எல்லாவற்றையும் விசாரித்து வாங்குகிறார்கள். தண்ணீர் பாட்டிலை ஃபிரேமில் பிடித்து நிறுத்தும் கூடான பாட்டில் கேஜ் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எதை மாட்டிக் கொடுக்கிறாரோ அதோடு வந்துவிடுகிறார்கள். பாட்டில் முதன்முறை எகிறி விழும்போதுதான் அப்படி ஒரு பொருள் இருப்பதே கண்ணில் படும்.

தனியாகப் போகும்போது விழுந்தால் இறங்கி எடுத்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது விழுந்தால் கதை வேறு. தண்ணீர் நிறைந்த பாட்டில் முக்கால் கிலோ இருக்கும். அது உருண்டு பின்னால் வருபவரின் முன்சக்கரத்துக்கு அடியில் போனால், அவரும் அவருக்குப் பின்னால் வருபவர்களும் சேர்ந்து விழுவார்கள். அதனால்தான் இந்தச் சின்னப் பொருளுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படி 1: ஃபிரேமில் திருகு இடம் இருக்கிறதா?

பெடலில் இருந்து ஹேண்டில்பாரை நோக்கிச் சாய்வாக மேலே போகும் தடித்த குழாய்தான் டவுன் டியூப். அதன் மேல்பக்கத்தில் இரண்டு சின்ன போல்ட் தெரிகிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயிலும் ஒரு ஜோடி இருக்கலாம். இரண்டு போல்ட்டுக்கும் இடையே 64 மில்லிமீட்டர். போல்ட் எம்5 அளவு, அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன். கியர் சைக்கிள்களில் கிட்டத்தட்ட எல்லா கம்பெனியும் இதையே பின்பற்றுவதால், எந்தக் கடையில் வாங்கிய கேஜும் உங்கள் ஃபிரேமில் உட்கார்ந்துவிடும்.

கேஜ் மாட்டாவிட்டாலும் அந்த போல்ட்டுகளைக் கழற்றி எறியாதீர்கள். மழையில் போனால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஃபிரேமுக்குள் இறங்கும். இரும்பு ஃபிரேமாக இருந்தால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

பழைய மாடல் சாதா சைக்கிளில் இந்தத் திருகு இடமே இருக்காது. அதற்காக டிரில் போட்டு ஓட்டை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குழாய் பலவீனமாகிவிடும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் தனியாகக் கிடைக்கிறது. அதை மாட்டும் முன் பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, அந்த இடத்தில் சுற்றிவிடுங்கள். பெயின்ட்டும் தப்பும், கிளாம்பும் வழுக்காது.

படி 2: பாட்டிலை முடிவு செய்த பிறகே கேஜ்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்குப் பொருந்தாத பாட்டிலை வைத்தால் நிற்காது.

சைக்கிளுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பாட்டில்கள் 73 அல்லது 74 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. 500 மில்லி, 750 மில்லி என்று கொள்ளளவு மாறும்போது பெரும்பாலும் உயரம்தான் கூடும், பருமன் அப்படியே இருக்கும். பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள், மேல்பாதியில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். கேஜின் முன்பக்கமோ குழாய் பக்கமோ ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கு இந்தப் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். குலுங்கும்போது பாட்டில் மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்வது இதுதான். மற்றபடி கேஜின் கைகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் தடுக்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால், வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாட்டில் ஏன் சரிப்படாது என்பதும் புரியும். பருமன் கிட்டத்தட்ட ஒத்துப்போனாலும் அதில் பெரும்பாலும் பள்ளம் இருக்காது. வழவழப்பு வேறு. உலோகத்தோடு உலோகம் உரசி வழி முழுக்கக் கடகடவென்று சத்தம் போடும். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கேஜுக்குள் நுழையவே சிரமப்படும், அரை லிட்டர் பாட்டில் தொளதொளவென்று ஆடும். கடை பாட்டில்தான் வேண்டும் என்றால், வாயை விரித்துச் சுருக்கும் வசதியுள்ள கேஜ் கேளுங்கள். டோபீக் மாதிரியான கம்பெனிகள் அதற்கென்றே செய்கின்றன. எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

படி 3: பாட்டில் உள்ளே போய் வர இடம் இருக்கிறதா?

ஃபிரேம் பெரியதாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். சின்ன ஃபிரேம் வைத்திருப்பவர்கள், சஸ்பென்ஷன் உள்ள மவுன்டன் பைக் வைத்திருப்பவர்கள், பாட்டிலை அந்த இடத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாட்டிலை மேல்நோக்கி இழுத்து எடுக்க இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் வேண்டும். மேல்குழாய் இடித்தால், பக்கவாட்டில் இழுத்து எடுக்கும் கேஜ் வாங்கலாம். அதில் இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. ஓடும்போது எந்தக் கையை ஹேண்டிலில் இருந்து எடுக்கிறீர்களோ, அந்தப் பக்கம் திறக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: எந்தப் பொருளில் செய்தது?

விலையும் எடையும் இங்கேதான் மாறுகின்றன. முதலில் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். சாதாரண அலுமினியம் கேஜ் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கார்பன் இழையில் செய்த கேஜ் 25 கிராம். வித்தியாசம் 35 கிராம், அதாவது இரண்டு மூன்று வாய் தண்ணீர். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவ்வளவு தண்ணீரைக் குடித்திருப்பீர்கள். ஆகவே எடைக்காக மட்டும் ஆயிரங்களைச் செலவழிக்க ஆரம்பத்தில் அவசியமே இல்லை.

அலுமினியம்தான் நிறையப் பேர் மாட்டுவது. சில நூறு ரூபாயில் கிடைக்கும். பிடி தளர்ந்தால் கையாலேயே லேசாக உள்பக்கம் வளைத்து இறுக்கிக்கொள்ளலாம், இது பெரிய வசதி. ஆனால் அடிக்கடி வளைத்தால் வெல்டிங் வைத்த இடத்தில் விட்டுப்போகும். பாட்டிலின் மேல் கறுப்புக் கோடுகள் போடும், அது அலுமினியத்தின் குணம். ரொம்ப மலிவான கேஜ்களில் கம்பி மெல்லியதாக இருக்கும். விரலால் அமுக்கினாலே வளைந்தால் வேண்டாம்.

கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக், அதாவது நைலான் மாதிரியான கேஜ், என் கணிப்பில் தொடக்கக்காரர்களுக்கு மிகச் சரியானது. இத்தாலியின் எலைட் கம்பெனி செய்வது மாதிரியான நல்ல கேஜ்கள் சுமார் 40 கிராம்தான். பாட்டிலை உள்ளே தள்ளும்போது கைகள் விரிந்து, பிறகு தானாகவே இறுகும். கோடு போடாது, கடற்கரைப் பக்கம் ஓட்டினாலும் துருப்பிடிக்காது. இதை வளைத்துச் சரிசெய்ய முடியாது. பிடி போனால் மாற்றத்தான் வேண்டும்.

எவர்சில்வர் குழாயில் செய்த நல்ல கேஜ்கள் 50 கிராம் அளவில் இருக்கும், பல வருடம் உழைக்கும். நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பிடித்தது. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு, முலாம் பூசிய சாதா இரும்புக் கம்பி கேஜை வாங்கிவிடாதீர்கள். அது கனமும் அதிகம், பூச்சு உரிந்ததும் துருவும் ஏறும்.

கார்பன் விஷயத்தில் எச்சரிக்கை. பெயர் தெரியாத இடத்தில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் கேஜ்களில் பாட்டில் பிடிக்கும் அளவே துல்லியமாக இருக்காது. ஒன்று பாட்டிலைப் பிடுங்கவே முடியாது, இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே வழுக்கிவிடும். கார்பனைச் சூடு காட்டியோ வளைத்தோ சரிசெய்ய நினைக்காதீர்கள், உடையும்.

படி 5: கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

உங்கள் பாட்டிலை முழுக்கத் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு போங்கள். காலி பாட்டிலை வைத்துச் செய்யும் சோதனை எதையும் சொல்லாது.

கேஜைக் கையில் பிடித்துப் பாட்டிலைச் செருகுங்கள். உள்ளே போய் மூக்கு பள்ளத்தில் விழும்போது ஒரு 'டக்' உணர்வு கைக்குத் தெரிய வேண்டும். அப்புறம் கேஜைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலும் கீழுமாக ஐந்தாறு முறை வேகமாக உலுக்குங்கள். பாட்டில் நழுவத் தொடங்கினால் அந்த கேஜ் வேண்டாம். நிற்கிறதென்றால், இப்போது ஒரே கையால் இழுத்துப் பாருங்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே எடுக்க முடிகிற அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கை தேவைப்பட்டால் அதுவும் ஆபத்துதான்.

கேஜின் அடியில் பாட்டில் உட்காரும் தடுப்பையும் பாருங்கள். அது குறுகலாக இருந்தால் பாட்டில் கீழே இறங்கி, மூக்குக்கும் பள்ளத்துக்கும் பொருத்தம் தவறும்.

படி 6: மாட்டுவது

வேண்டியது ஒரு ஆலன் கீ (அறுகோண முனையுள்ள, எல் வடிவச் சாவி), பெரும்பாலும் 4 மில்லிமீட்டர், உருண்டைத் தலை போல்ட் என்றால் 3. கொஞ்சம் கிரீஸ்.

பழைய போல்ட்டுகளைக் கழற்றி, மரையில் லேசாக கிரீஸ் தடவுங்கள். அலுமினியம் ஃபிரேமில் ஸ்டீல் போல்ட்டை அப்படியே விட்டால், வியர்வையும் கடல் காற்றும் பட்டு இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போகும். பிறகு கழற்றும்போது ஃபிரேமில் பதித்திருக்கும் நட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்ய மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

கேஜை வைத்து, இரண்டு போல்ட்டையும் முதலில் விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் மரை கோணலாக இருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். கீயைப் போட்டு வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை அழிந்துவிடும். இரண்டும் ஏறிய பிறகு, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம்? 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் போதும். இந்த இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஆலன் கீயின் நீளமான முனையை போல்ட்டில் விட்டு, குட்டை முனையை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். அப்படிப் பிடிக்கும்போது அளவுக்கு மீறி பலம் கொடுக்கவே முடியாது.

போல்ட் தலை பாட்டிலில் இடித்தால் தட்டைத் தலை போல்ட்டாக மாற்றுங்கள். நீளம் 12 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கலாம். அதைவிட நீளமானதைப் போட்டால், ஃபிரேமுக்குள் கேபிள் ஓடும் சைக்கிள்களில் அதைப் போய் உரசும்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருக்கும் வாய்ப்பு உண்டு. அதன்பின் சைக்கிள் கழுவும்போதெல்லாம் கேஜின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும், கம்பி வளையும் இடங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். விரிசல் முதலில் அங்கேதான் வரும்; மயிரிழை அளவு தெரிந்தாலும் அந்த கேஜைக் கழற்றிவிடுங்கள்.