வேர்ட்பிரஸ் தளத்தில் தம்ப்நெயில் படங்கள்: தொடக்கநிலையினருக்கு

12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்த படம் 4000×3000 பிக்சல் இருக்கும். 3, 4 எம்பி சர்வசாதாரணம். அதை அப்படியே பக்கத்தில் போட்டு, ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினால் தம்ப்நெயில் (பெரிய படத்துக்கு முன்னோட்டமாகக் காட்டும் சின்னப் படம்) ஆகிவிடாது. கண்ணுக்குத்தான் சின்னது. முழுப் படமே தரவிறங்கினால், பார்ப்பவரின் டேட்டா அந்த 4 எம்பிக்கும் கரையும். தம்ப்நெயில் என்பது தனியாக ஒரு சின்னக் கோப்பு. பெரும்பாலும் சில பத்து கேபிதான்.

நல்லவேளையாக, நீங்கள் படத்தை ஏற்றும்போதே வேர்ட்பிரஸ் இந்தச் சின்னக் கோப்புகளைச் செய்து வைத்துவிடுகிறது. சரியானதை எடுத்துப் போடுவதுதான் நம் வேலை.

1. வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில் செட்டிங்ஸ் போய் மீடியாவைத் திறங்கள். தம்ப்நெயில் 150×150, மீடியம் 300, லார்ஜ் 1024 என்று இருக்கும். இன்றைய போன் திரைகளில் புள்ளிகள் இரண்டு மூன்று மடங்கு நெருக்கமானவை. 150 பிக்சல் படம் அதில் மங்கலாகத் தெரியும். தம்ப்நெயிலை 300×300 ஆக்கிச் சேமித்துவிடுங்கள்.

2. அங்கேயே, தம்ப்நெயிலைச் சொன்ன அளவுக்கு வெட்டச் சொல்லும் ஒரு டிக் இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிக் இருந்தால் படத்தின் நடுப்பகுதி மட்டும் சதுரமாக மிஞ்சும். நெட்டுக்குத்தாக எடுத்த கோபுரப் படம் என்றால் மேலே கலசமும் கீழே வாசலும் போய், நடு நிலைகள் மட்டும் நிற்கும். ஆளை முழு உருவமாக எடுத்திருந்தால் தலை போய்விடும்! சேலைப் படத்தில் வாங்குபவர் முதலில் பார்ப்பது கரையையும் முந்தியையும், வெட்டுப்படுவதும் அவைதான். இப்படிப்பட்ட படங்களே அதிகம் என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள், நீள அகலம் அதன் விகிதப்படியே சுருங்கும். கட்டங்கள் ஒரே சீராக வேண்டும் என்றால் டிக் இருக்கட்டும்; ஆனால் படம் எடுக்கும்போதே பொருளை நடுவில் வைத்து, சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

3. படங்களை ஏற்றுங்கள். கோப்புக்கு ஒரு பெயரும் ஆல்ட் டெக்ஸ்ட்டும் (படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விளக்கம்) கொடுத்துவிடுங்கள்.

4. பக்கத்தில் கேலரி பிளாக்கை (பல படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் பகுதி) சேருங்கள். வலப்பக்கப் பட்டியில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் லார்ஜ் என்று இருக்கும்; அதைத் தம்ப்நெயில் அல்லது மீடியம் ஆக்குங்கள். அப்புறம், படத்தைத் தொட்டால் பெரிய படம் திறக்கும்படி மீடியா கோப்புக்கு இணைப்புக் கொடுங்கள். தொட்டால் ஒன்றும் நடக்காத தம்ப்நெயில் எரிச்சலைத்தான் தரும்.

5. பக்கத்தை வெளியிட்டதும் கணினியில் ஒரு படத்தின் மேல் வலது க்ளிக் செய்து, இணைப்பை அல்ல, படத்தைப் புதிய டேபில் திறந்து பாருங்கள். முகவரியின் கடைசியில் 300×225 மாதிரி ஓர் அளவு இருந்தால் சின்னக் கோப்புதான் வருகிறது. அளவே இல்லையென்றால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஏற்கெனவே ஏற்றிய படங்கள் இந்த மாற்றத்தால் மாறாது. புதிதாக ஏற்றுபவைக்கு மட்டுமே புது அளவு. பழையவற்றுக்கும் புது அளவில் தம்ப்நெயில் செய்துதர ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ் என்ற பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருக்கிறது. ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தால் சர்வர் திணறும், ஆகவே பேக்கப் எடுத்துவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஓட விடுங்கள்.